சுரங்க முதலாளியைப் பிடித்துக்கொடுத்த கதவு

அன்பு மருமகளே,

உலகத்தில் ஒருவரும் நம்ப முடியாத ஒரு வரலாற்றைச் சத்தியம் செய்து எழுதுகிறேன். நீயும் நம்பாதே.

பக்கத்தில் சுரங்கம் தோண்டியதில் நம் வீடு கப்பல் மாதிரி சாய்ந்துவிட்டது. சமையலறையில் உன் அத்தை ஊற்றும் காபி, கூடத்தில் இருக்கும் என் டம்ளருக்குத் தானே நடந்து வருகிறது. உன் அறை விரிசலில் அடுத்த தெருவே தெரிகிறது.

நஷ்டஈடு வழக்கில் இதுவரை எதிராளி, சுரங்கத்துக்கு அனுமதி கொடுத்த அலுவலகம் மட்டும்தான். அவர்கள் கையை விரித்துவிட்டார்கள். அதனால் சுரங்க முதலாளியையும் சேர்க்கச் சொல்லி மனுப் போட்டோம். அவரோ, "என் சுரங்கத்தால அங்க ஒரு செங்கல்கூட அசையலைங்க ஐயா" என்று சாதித்தார். நீதிபதி நேரில் பார்க்கவே வந்துவிட்டார்.

அவரோடு வந்த முதலாளி நம் குளியலறைக்குள் போனார். நிலை கோணியிருந்ததால் கதவு இறுகிக்கொண்டது. அவர் போட்ட கூச்சலில் ஏழு கடலும் வற்றியது.

"வீடே இறங்குதுய்யா! கதவை உடைங்க!"

"செங்கல்கூட அசையாத வீடுங்க, நல்லாத் தள்ளுங்க!" என்றாள் அத்தை. சிரிப்பை அடக்கியதில் நீதிபதியின் மீசை நாலு முழம் வளர்ந்தது.

மறுநாளே முதலாளியும் பிரதிவாதி. உத்தரவு நகல் இத்துடன். வீட்டை விட்டுவிட்டு உன்னோடு வந்துவிடும்படி இனி எழுதாதே. உன் அறையைச் சரிசெய்யாமல் நாங்கள் நகர்வதாக இல்லை.

காபி, கடல், மீசை எல்லாம் பொய். அந்தக் கதவு மட்டும் நிஜம். லேசாகத் தூக்கித் தள்ளினால் திறந்துவிடும். அதை அவரிடம் சொல்ல எங்கள் இருவருக்கும் ஏனோ தோன்றவில்லை.

இப்படிக்கு,
உன் பொய்மூட்டை மாமா