பந்து வராத ஓரம்

அம்மாவுக்கு டேரியஸ் எழுதுவது. முட்டி வலி தேவலையா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன். விலாவில் லேசான அடி, சிரித்தால்தான் வலிக்கிறது. அதனால் தொந்தரவில்லை.

எறியும் பந்தைப் பிடித்து ஓடும் எங்கள் அமெரிக்கன் ஃபுட்பால் அணியின் நட்சத்திரம் லாமான்ட்டை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டார்கள் அல்லவா? அடுத்த ஆட்டத்தில், பந்தை எறியும் கோல்பி பழக்கதோஷத்தில் லாமான்ட் நிற்கும் இடது ஓரத்துக்கே எறிந்தான். அங்கே யாருமில்லை. பந்து புல்லில் உருண்டது. தோற்றோம்.

மறுநாள் கோச் என்னைக் கூப்பிட்டார்.

"லாமான்ட் ஓடுன ஓட்டத்த இனிமே நீ ஓடு. எதிராளி ரெண்டு பேர உன் பின்னால இழுத்துட்டுப் போ. பந்து உனக்கு வராது."

"ஒரு தடவகூடவா, கோச்?"

"உன் காலு போதும்டா எனக்கு. கை வேணாம்."

நேற்று அப்படியே ஓடினேன். நடுவில் இடம் திறந்தது. கோல்பி அங்கே நின்ற மற்றவர்களுக்கு மாற்றி மாற்றி எறிந்தான். ஜெயித்தோம். எல்லோரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. உட்கார்ந்து ஷூவைக் கழற்றினேன்.

"ஆட்டம் முழுக்கப் பார்த்தேன், உன்னக் காணோமேடா. இதுக்கா காலேஜ விட்ட?" என்று போனில் கேட்டாய். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

மிளகாய் சாஸ் இரண்டு பாட்டில் அனுப்பு. என் கட்டிலில் கிடக்கும் போர்வையையும் அனுப்பு. துவைக்க வேண்டாம்.

பஸ் வந்துவிட்டது. டிவி கேமரா பந்தின் பின்னால்தான் போகும், அம்மா. எறிவதற்கு முன் ஒரு நொடி எல்லோரையும் காட்டுவார்கள். அப்போது பார். ஓரத்தில் தனியாக நிற்பவன் நான்தான்.

டேரியஸ்