ஓரத்துக் குதிரை

மார்ச் 3, செவ்வாய்

குளியலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. வாஷர் வாங்கி வருகிறேன் என்று இவர் சொல்லி இரண்டு வாரமாகிறது. கண்ணாடிக் கடையில் ஊராருக்கெல்லாம் பார்வை சரி பண்ணிக் கொடுப்பவருக்கு வீட்டுக் குழாய் மட்டும் கண்ணில் படுவதில்லை.

சதுரங்கச் சங்கத்தில் போன மாதப் போட்டிகளை என் புரோகிராமில் ஏற்றினேன். கள்ளத்தனமாகக் கணினியைப் பார்த்து ஆடியவர்கள் யாராவது உண்டா என்று சலித்துப் பார்க்கும் வேலை. பெயர் வராது, ஆட்டக்காரரின் எண் மட்டும்தான் வரும். இருநூறு எண் பச்சை. ஒன்று சிவப்பு: 114.

யார் பெற்ற பிள்ளையோ, பாவம் என்று நினைத்துக்கொண்டே பெயர்ப் பட்டியலைத் திறந்தேன்.

114 என் மகள்.

மார்ச் 4, புதன்

தெரிந்த விஷயத்தையே எழுதிப் பார்க்கிறேன். எங்காவது ஓட்டை இருந்தால் கண்ணில் படட்டும்.

முடிந்த ஆட்டத்தை எடுத்து, ஒவ்வொரு நிலையிலும் ‘நீயாக இருந்தால் என்ன ஆடுவாய்’ என்று புரோகிராமிடம் கேட்பேன். அது நம் நகர்த்தல், எதிராளியின் பதில், அதற்கு நம் பதில் என்று கிளை கிளையாக விரித்துக்கொண்டு போகும். ஆட்டத்தின் முடிவு வரை போக முடியாது, அவ்வளவு கிளைகள். பன்னிரண்டு படி போனதும் நின்று, அந்த நிலைக்கு ஒரு மதிப்பெண் போடும். சிப்பாய்க்கு நூறு, குதிரைக்கு முந்நூற்றிருபது, யானைக்கு ஐந்நூறு. அதற்குமேல், எந்தக் காய் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதற்குச் சில்லறைக் கூட்டல் கழித்தல். எதிராளி தனக்கு நல்லதைத்தான் ஆடுவார் என்று வைத்துக்கொண்டு, கடைசியில் நமக்கு எதில் அதிகம் மிஞ்சுமோ அந்த நகர்த்தலைச் சொல்லும். அவ்வளவுதான். மாயமந்திரம் எதுவும் இல்லை.

நன்றாக ஆடுகிற மனிதர்களுக்கு நூற்றுக்கு ஐம்பது, ஐம்பத்தைந்து நகர்த்தல் அதோடு ஒத்துப்போகும். எழுபத்தைந்தைத் தாண்டினால் சிவப்பு. அவளுக்கு எண்பத்தொன்று.

ஓட்டை ஒன்றும் தெரியவில்லை. போன மாதம் அவள் கோப்பையோடு வந்தபோது மாடி வீடு, கீழ் வீடு எல்லாம் போய்த் தம்பட்டம் அடித்தவள் நான்தான். பதினாறு வயது, பெரியவர்களையெல்லாம் மண்ணைக் கவ்வ வைத்துவிட்டாள் என்று. இப்போது அந்தக் கோப்பை இருக்கும் பக்கமே நான் திரும்புவதில்லை.

மார்ச் 5, வியாழன்

கேட்டுவிடலாமா? நேராக?

‘ஆமாம்’ என்றால் — மூன்று வருடத் தடை. பள்ளியில், தெருவில், எல்லா இடத்திலும் பெயர் நாறிவிடும். ‘இல்லை’ என்றால் — நான் நம்புவேனா? நம்பவில்லை என்பது என் முகத்திலேயே தெரிந்துவிடும். அழுதால்? சிரித்தால்?

புரோகிராமுக்கு நான் சொல்லிக் கொடுத்த சிக்கனம் ஒன்று உண்டு. ஒரு நகர்த்தலைப் பார்க்கும்போது, அதற்கு எதிராளியிடம் ஒரே ஒரு பொல்லாத பதில் தென்பட்டால் போதும். அந்தக் கிளையை அங்கேயே வெட்டிவிடும். மற்ற பதில்களைப் பார்த்துப் பொழுதை வீணாக்காது.

அவளிடம் கேட்பது என்ற கிளையை வெட்டிவிட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

அவள் பள்ளிக்குப் போனதும் அறையைக் குடைந்தேன். பை, பென்சில் டப்பா, தலைக் கிளிப், ஜாக்கெட்டின் உள்துணி. போட்டிக்குப் போட்டுக்கொண்டு போகிற ஷூவின் உள்ளட்டையைக் கத்தியால் நெம்பி எடுத்தேன். நகர்த்தலை அதிர்ந்து சொல்கிற சின்னக் கருவி ஒன்றை அங்கேதான் ஒளிப்பார்கள் என்று எங்கள் பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள்.

ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்பதில் ஏன் நிம்மதி வரவில்லை? சாமர்த்தியசாலி, வேறு இடத்தில் வைத்திருப்பாள் என்றுதான் தோன்றுகிறது. பெற்ற பெண்ணைப் பற்றி இப்படி எழுதுகிறேன்.

சாப்பிட வந்த இவர் வாசலில் நின்று, “என்ன தேடுற?” என்றார்.

“ஊசி.”

“ஷூவுக்குள்ளயா?”

மார்ச் 7, சனி

“அம்மா, என் ஷூவோட உள்ளட்டையை யார் பிச்சது?”

“பழசாச்சுல்ல, தானா வந்திருக்கும்.”

பலகையில் எதிராளியின் காயைப் பார்ப்பது போல என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு பசை கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன்.

மார்ச் 9, திங்கள்

இதை எழுதாமல் விட்டுவிடலாம். யார் பார்க்கப் போகிறார்கள்?

வர முடியாத அளவு தூரத்துக்கு ஆபத்தைத் தள்ளிவிட்டோம் என்று என் புரோகிராம் சில சமயம் தன்னையே ஏமாற்றிக்கொள்ளும். ராணி பறிபோகப் போகிறது, தப்பிக்க வழி இல்லை என்று தெரிந்தால், ஒன்றுக்கும் உதவாத ஒரு செக் வைக்கும். ஒரு சிப்பாயைச் சும்மா தூக்கிக் கொடுக்கும். அடி இரண்டு படி தள்ளிப்போய், அது பார்க்கிற பன்னிரண்டு படிக்கு அப்பால் விழுந்துவிடும். கண்ணில் படாததால் அடியே இல்லை என்று நினைத்து நல்ல மதிப்பெண் போட்டுக்கொள்ளும்.

இன்று மத்தியானம் எழுபத்தைந்து என்ற வரம்பை எண்பத்தைந்தாக்கினேன். ஒரே ஒரு எண். 114 பச்சையாகிவிட்டது.

பெரிய நடுவர் எட்டிப் பார்த்தார். போட்டி அரங்கில் இருமினால்கூட ‘உஷ்’ என்பதால் பிள்ளைகள் அவருக்கு உஷ் சார் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். “அறிக்கை புதன்கிழமை வந்துடும்ல மேடம்?”

“வந்துடும் சார்.”

மார்ச் 10, செவ்வாய்

காலையில் முதல் வேலையாக வரம்பைப் பழையபடி எழுபத்தைந்து ஆக்கினேன். நேர்மை என்று பீற்றிக்கொள்ள ஒன்றும் இல்லை. மாட்டிக்கொள்வேன் என்ற பயம் ஒரு பக்கம், அவள் நிஜமாகவே செய்திருந்தால் நான் துணைபோகிறேன் என்ற பயம் இன்னொரு பக்கம். இரண்டில் எது பெரிது என்று தெரியவில்லை.

பிறகு ஒரு யோசனை. வேறு ஒருவர் எழுதிய புரோகிராமில் அவளுடைய ஆட்டங்களை ஓட்டினேன். ஐம்பத்திரண்டு! சாதாரண எண். நாற்காலியை விட்டு எழுந்து ஜன்னல் வரை போய்விட்டு வந்தேன்.

வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அவள் ஒத்துப்போவது என் புரோகிராமோடு மட்டும். அய்யோ. அது வேற யார்கிட்ட இருக்கு? உலகத்துலயே ரெண்டே இடத்துலதான் இருக்கு, சங்கத்துல ஒண்ணு, எங்க வீட்ல ஒண்ணு. இதைப் பார்க்கிற எவனும் என்ன சொல்வான்? அம்மாகிட்டேருந்து திருடியிருக்கான்னு சொல்வான். இல்ல, அம்மாவே கொடுத்தான்னு சொல்வான்.

மார்ச் 11, புதன்

அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். 114 யார் என்பதையும் நானே சொன்னேன். உஷ் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். “நீங்க வீட்டுக்குப் போங்க மேடம். சனிக்கிழமை விசாரணை வெச்சுக்கலாம்.”

நான் வீடு சேர்வதற்குள் சங்கத்திலிருந்து அவளுக்கு போன் வந்துவிட்டது. கூடத்தின் நடுவில் நின்றிருந்தாள்.

“உனக்கு எப்பத் தெரியும்?”

“போன செவ்வாய்.”

“எட்டு நாளாவா? அதான் ஷூவைப் பிரிச்சியா? நேரா கேட்டிருக்கலாம்ல, அம்மா.”

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். காய்கள் வெட்டுப்படுகிற நடுவில் நிறுத்தி மதிப்பெண் போடாதே, அடங்கும்வரை பார் என்று புரோகிராமுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். அடங்கட்டும் என்று காத்திருக்க முடியவில்லை. மூடிய கதவிடம் கேட்டேன்: “பண்ணினியா?”

“இல்ல.”

நம்பினேன். கேட்ட உடனே நம்பினேன். எட்டு நாளாக எந்தப் பதிலுக்குப் பயந்தேனோ அது இவ்வளவுதான். ஒரு கிளையை வெட்ட வேண்டுமானால் அதைவிட நல்ல வழி ஒன்று ஏற்கெனவே கையில் இருக்க வேண்டும். என் புரோகிராமுக்குக்கூட அது தெரியும். என் கையில் என்ன இருந்தது? ஒரு ஷூ.

ஆனால் நான் நம்பி என்ன ஆகப் போகிறது. சங்கம் எதற்கு நம்ப வேண்டும்?

மார்ச் 12, வியாழன்

என் புரோகிராம் மட்டும் ஆமோதித்து, மற்றது மறுத்த அவளுடைய நகர்த்தல்களைத் தனியே எடுத்தேன். சமையலறைத் தரையில் தாள்களைப் பரப்பிவைத்துப் பார்த்தேன். இவர் காபி கொண்டுவந்து, ஒரு தாளைக் கையில் எடுத்தார்.

“நம்ம ஓரக்குதிரை ஆட்டம்தானே இது?”

அவர் அவளைச் சின்ன வயதிலிருந்து அப்படித்தான் கூப்பிடுவார். குதிரையைக் கொண்டுபோய் இடது ஓரத்தில் நிறுத்துகிறாள் என்பதால். நான் அந்தத் தாள்களை மறுபடி பார்த்தேன். ஒன்றில் குதிரை இடது ஓரத்துக்குப் போகிறது. அடுத்ததில் அது போவதற்கு ஒரு சிப்பாய் வழிவிடுகிறது. அதற்கடுத்ததிலும் குதிரை. எல்லாத் தாளும் அந்த ஓரத்தைச் சுற்றித்தான்.

ஓரத்தில் நிற்கும் குதிரைக்குப் பாய இடம் குறைவு. அதற்கு இருபது கழிக்க வேண்டும். குதிரைக்கான அறுபத்து நான்கு கட்ட அட்டவணையைத் திறந்தேன். வலது ஓரத்தில் எல்லாம் கழித்தல் இருபது. இடது ஓரத்தில் — இருபது. வெறும் இருபது. கழித்தல் குறி போட மறந்திருக்கிறேன். இருக்கக் கூடாத இடத்துக்குப் பரிசு கொடுத்திருக்கிறேன்.

அந்த அட்டவணைக் கோப்பின் தேதி, அவளுக்கு ஆறு வயதான வருடம். சங்கத்தில் சேர்ந்தபோது அதே அட்டவணையைத்தான் அப்படியே எடுத்துப் போட்டேன்.

அவளுடைய பழைய லேப்டாப் நினைவுக்கு வந்தது. ‘அம்மா வேலைக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் இதோட ஆடிக்கிட்டு இரு’ என்று என் புரோகிராமை ஏற்றி நான் வைத்துவிட்டுப் போனது. பத்து வருடமாக வீட்டில் அதோடு மட்டும்தான் ஆடிப் பழகியிருக்கிறாள். எட்டு வயதில் ஒருநாள், ‘அங்க நின்னாதான் குதிரைக்குப் பிடிக்கும்மா’ என்றாள். சிரித்தேன். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்கவில்லை.

அவள் திருடவில்லை. என் தப்பிலேயே வளர்ந்திருக்கிறாள்.

மார்ச் 13, வெள்ளி

எல்லாவற்றையும் விசாரணைக் குழுவிடம் சொல்லிவிட்டேன். உஷ் சார் முதல் கேள்வியாக, “அப்போ இதுக்கு முன்னாடி மாட்டின மூணு பேர்?” என்றார். அவர் முன்னாலேயே மற்ற புரோகிராமில் மூன்று பேரையும் ஓட்டினேன். மூவரும் அதிலும் சிவப்பு. அந்த ஒரு பயம் தீர்ந்தது.

நாளை அவளை வெறும் அறையில் உட்கார வைத்து, கருவி எதுவும் இல்லாமலும் குதிரை ஓரத்துக்கே போகிறதா என்று சோதிக்கப் போகிறார்கள்.

மார்ச் 14, சனி

போன், கடிகாரம், கிளிப் எல்லாம் வெளியே. ஷூவுக்குப் பதில் சங்கத்து ரப்பர் செருப்பு. மேஜையில் ஒரு பலகை. என் புரோகிராமும் மற்றதும் வேறு வேறு நகர்த்தல் சொல்கிற பன்னிரண்டு நிலைகளை நடுவர்களே தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவளுக்கு எதுவும் சொல்லவில்லை. ஆடு என்றார்கள், அவ்வளவுதான்.

நான் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம். ஒவ்வொன்றிலும் சரியான நகர்த்தல் எது என்று எனக்குத் தெரியும். அவள் அதை ஆடிவிடக் கூடாதே என்று கைகூப்பி நின்றேன். எந்த அம்மாவாவது இப்படி வேண்டிக்கொள்வாளா — தப்பா ஆடும்மா, தப்பா ஆடு கண்ணு!

முதல் ஐந்திலும் குதிரை ஓரத்துக்கே போயிற்று. ஆறாவதில் குதிரையை எடுத்து, பலகையின் நடுவுக்கு மேல் பிடித்தபடி யோசித்தாள். நடுவிலேயே வைத்தாள். சரியான நகர்த்தல். இவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். ஏழு, ஓரம். எட்டு, ஓரம். பதினொன்றில் மறுபடி நடு. பன்னிரண்டு, ஓரம்.

உஷ் சார் வெளியே வந்தார். “பன்னிரண்டுல பத்து தப்பு,” என்றார். “வாழ்த்துகள் மேடம்.” ஓவென்று அழுதுவிட்டேன். அவர் பழக்கதோஷத்தில் ‘உஷ்’ என்றார்.

அவள் என்னைத் தாண்டிப் போய் அப்பாவின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

மார்ச் 16, திங்கள்

சங்கத்துப் புரோகிராமில் எட்டு இடத்தில் கழித்தல் குறி போட்டேன். இரண்டு நிமிட வேலை. இனி நான் சலிப்பதை வேறு ஒருவரும் சரிபார்ப்பார். அதுதான் நியாயம்.

மார்ச் 22, ஞாயிறு

தேவைக்கு மட்டும் பேசுகிறாள். ‘உப்பு’, ‘சாவி’, ‘சரி’.

இவர் குழாய்க்கு வாஷர் மாற்றிவிட்டார். சொட்டும் சத்தம் இல்லாததால் வீடு இன்னும் அமைதியாக இருக்கிறது. பயமாக இருக்கிறது.

மார்ச் 29, ஞாயிறு

இன்று அவளுக்குப் போட்டி. காலையில் என் மேஜைமேல் அவளுடைய ஷூ இரண்டும் இருந்தன. உள்ளட்டைகளை எடுத்துப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தாள். கிளிப்பும் இருந்தது. ஜாக்கெட்டை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டிருந்தாள்.

என்ன செய்வது? பார்க்காதது போல் இருந்துவிடலாமா? மெதுவாகச் சிரித்து மழுப்பலாமா? ஒவ்வொன்றாகக் கிளை விரியத் தொடங்கியது. போதும் என்று எழுந்தேன். உள்ளட்டைகளைப் பசை போட்டு ஒட்டி, ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அவள் அறைக் கதவைத் தட்டினேன்.

“என்னை மன்னிச்சிட்டியா?”

தலை பின்னிக்கொண்டிருந்தவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

“இன்னும் இல்ல,” என்றாள். பின்னி முடித்து, கையை நீட்டி ஷூவை வாங்கிக்கொண்டாள். “ஆனா இப்பவாவது கேட்டியே. மன்னிச்சதும் நானே சொல்றேன். தினமும் கேளு, பரவாயில்ல.”

நாளைக்கும் கேட்பேன்.