சரளை ரோட்டில் தனியாகப் போகும் எழிலுக்கு

விஸ்வநத்தம்,
16.9.2007

அன்பு மகள் எழிலுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் தம்பி பாண்டிராஜும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம். அங்கே நீ சுகமா என்று கேட்க மாட்டேன், கேட்டால் சுகம் என்றுதான் சொல்வாய். சைக்கிளிலிருந்து விழுந்து பட்ட முழங்கைக் காயம் ஆறியதா, தையல் போட்டார்களா, அதை எழுது. போனில் நான் ரெண்டு வார்த்தை சத்தம் போடுவதற்குள் சிரித்து மழுப்பி "சரிம்மா, வச்சிரட்டுமா" என்று வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் நான் முடிக்கும்வரை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும், அதனால்தான் சோற்றை வடித்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். உன்மேல் கோபமில்லை என்று பொய் எழுதமாட்டேன். கோபம்தான்.

முதலில் ஷூ விஷயத்தைச் சொல்கிறேன். அங்கே வெளிநாட்டில் உன்னோடு வேலை பார்க்கிற மதுரைப் பையனிடம் கொடுத்துவிட்ட பார்சல் போன வாரம் வந்து சேர்ந்தது. சாக்லேட்டைத் தெருவே தின்று தீர்த்தது. உனக்கு அளவு பெரிதாகப் போய்விட்டது, பாண்டி போட்டுக்கொள்ளட்டும் என்று நீ அனுப்பிய சைக்கிள் ஷூவை அவன் அன்றைக்கே காலில் மாட்டினான், படுக்கும்போதுதான் கழற்றினான். மறுநாள் அதோடேயே பட்டாசுக் கம்பெனிக்கு வந்துவிட்டான். எங்களைப் போல ரூமுக்குள் உட்கார்ந்து வேலை செய்கிறவன் என்றால் வாசலில் கழற்றியிருப்பான். இவன் லோடு ஏற்றுகிறவன், வெளியிலேயே நடமாடுகிறவன், அடியில் ரப்பர்தானே என்று நினைத்திருக்கிறான். அந்த ரப்பருக்கு நடுவில் பள்ளம் வைத்து இரும்புத் துண்டை முடுக்கியிருப்பது உனக்குத் தெரியும், அவனுக்கு என்ன தெரியும்? அதைச் சுற்றி உன் ஊர்ச் சரளைக்கல் வேறு சிக்கிக் கிடந்திருக்கிறது. தீபாவளி ஆர்டருக்கு லாரி காத்து நிற்கிறது, இவன் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பேக்கிங் ரூம் சிமெண்டுப் படியில் கால் வைத்தான், கிரீச்சென்று ஒரு சத்தம். வெடிமருந்துக்குப் பக்கத்தில் சிமெண்டில் இரும்பு உரசி ஒரு பொறி பறந்தால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கையில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு நாலு வாசல் வழியாகவும் ஓடினோம். நான் உடைமுள் புதருக்குள் போய்த்தான் நின்றேன். திரும்பிப் பார்த்தால் போர்மேன் வெள்ளைத்துரை அண்ணன், "ஏலே பாண்டி, அசையாதலே! அங்கனயே நில்லு, காலத் தூக்கிராத!" என்று தொண்டை கிழியக் கத்துகிறார். அவன் பெட்டியும் தலையுமாகச் சிலை மாதிரி நிற்கிறான். பிறகு ரெண்டு பேர் போய்ப் பெட்டியை இறக்கி, அவனைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி வந்து மணலில் விட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை, சாமி காப்பாற்றியது. ஆனால் என் மானம் போனது. என்னோடு வேலை செய்கிற செல்லக்கனி தன் காலில் தைத்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டே, "ஏக்கா, ஒம் மக வெளிநாட்டுல இருந்துக்கிட்டே எங்கள இம்புட்டுத் தூரம் ஓட வச்சுட்டாளே" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் சொல்லி அனுப்பும்வரை கம்பெனி கேட் பக்கமே வராதே என்று வெள்ளைத்துரை அண்ணன் பாண்டியை அனுப்பிவிட்டார். சீசன் நேரத்தில் இளந்தாரிப் பயல் வீட்டில் படுத்து டிவி பார்க்கிறான். அவன் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது, பார்க்காவிட்டால் கோபமாக இருக்கிறது.

அந்த இரும்பு எதற்கு என்று போனில் கேட்டதற்கு, சைக்கிள் மிதியோடு காலைப் பூட்டிக்கொள்வதற்கு என்று சொன்னாய் பார், அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் ரூமில் எந்தக் கதவுக்கும் உள்ளே தாழ்ப்பாள் கிடையாது, எல்லாம் வெளிப்பக்கம் திறக்கும், எதற்கு? ஓடுவதற்கு. நீ காலைப் பூட்டிக்கொண்டு மலையிலிருந்து இறங்குகிறாய்! அதுவும் நல்ல ரோட்டிலா? தார் ரோடு இருக்கிற இடத்தை விட்டுவிட்டு, காட்டுக்குள் சரளை ரோடு எங்கே இருக்கிறது என்று வரைபடம் வைத்துத் தேடிப் போகிறாய். இங்கே நம் தெருவிலிருந்து கம்பெனி வரைக்கும் கிடக்கிற சரளைக்குத் தார் போடச் சொல்லி எத்தனை மனு கொடுத்தோம், நீ பாவாடையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடிய காலத்திலிருந்து கொடுக்கிறோம். கம்பெனி வாசலில் காலைக் கழுவி, விரல் இடுக்கில் ஒரு மணல் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து உள்ளே போகிற வீட்டில் பிறந்துவிட்டு உனக்கு எங்கிருந்து இந்தச் சரளை ஆசை வந்தது? உன் அப்பாவை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. நீ அனுப்பிய போட்டோக்களைப் பிரவுசிங் சென்டரில் கலரில் எடுத்து, தான் வேலை பார்க்கிற காலண்டர் பிரஸ்ஸில் எல்லாருக்கும் காட்டுகிறார். "எம் மக எம்புட்டு ஒசரத்துல நிக்கா பாத்தீகளா" என்று பெருமை. நானும் பார்த்தேன். ஊசி ஊசியாய் மரம், நடுவில் வெள்ளையாய் ஒரு பாதை, வளைந்து மேலே ஏறி மரத்துக்குள் மறைந்துவிடுகிறது. அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் படத்தில் ஒரு ஆள் இல்லை, ஒரு வீடு இல்லை, ஒரு டீக்கடை இல்லை. இது போதாதென்று தை மாதம் நீ ஊருக்கு வரும்போது ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப்பக்கம் பாதை பார்த்து வைக்கும்படி பாண்டிக்குச் சொல்லியிருக்கிறாய். அவனும் போய் வனக்காவலரிடம் கேட்டிருக்கிறான். தேன் எடுக்கவா, மாடு மேய்க்கவா என்று அவர் கேட்க, சைக்கிள் ஓட்ட என்று இவன் சொல்ல, "யானைக்கு எதிர போயி மணி அடிக்கப் போறீகளாக்கும்" என்று சொல்லி விரட்டிவிட்டாராம்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன் எழில். விழுந்ததைச் சொன்னாயே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. இறக்கத்தில் சரளை வழுக்கி விழுந்தேன், போனில் சிக்னல் இல்லை, எழுந்திருக்க முடியாமல் கொஞ்ச நேரம் படுத்தே கிடந்தேன், ஒரு மான் வந்து பார்த்துவிட்டுப் போனது என்று ஏதோ கல்யாண வீட்டுக் கதை மாதிரிச் சொல்கிறாய். மான் வந்து எனக்கா சொல்லும்? நீ அந்தக் காட்டுக்குப் போனது அங்கே யாருக்குமே தெரியாது என்றும் சொன்னாயே. நீ மூணாம் வகுப்புப் படிக்கும்போது கம்பெனியில் தீப்பிடித்ததே, நினைவிருக்கிறதா? வாசலில் கிடக்கிற செருப்பைப் பார்த்துத்தானே உள்ளே யார் இருக்கிறார்கள் என்று சொல்வார்கள். என்னுடைய நீல வார்ச் செருப்பு கிடந்தது, நான் இல்லை. நான் வெறுங்காலோடு பின்பக்கம் ஓடி ஓடைக்குள் கிடந்தேன். வந்து பார்த்தால் நீ அப்பா பக்கத்தில் என் செருப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறாய். அழக்கூட இல்லை, என்னைப் பார்த்த பிறகும் செருப்பை விடவில்லை. அதற்குப் பிறகு ரொம்ப நாள் நான் வேலைக்குக் கிளம்பினால் செருப்பு இருக்காது. அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு, எனக்குத் தெரியாது என்பாய். அப்படி நின்ற பிள்ளை நீ. உனக்கு நான் என்ன விளக்கிச் சொல்ல?

சைக்கிளை விட்டுவிடு என்று சொன்னால் நீ விடப்போவதில்லை, உன் பிடிவாதம் எனக்குத் தெரியும், அது என்னிடமிருந்து வந்ததுதான். அதனால் ஒன்று மட்டும் கேட்கிறேன். கிளம்பும் முன் அங்கே உன் கீழ்வீட்டு அம்மாவிடம் எந்தப் பாதையில் போகிறாய், எப்போது திரும்புவாய் என்று சொல்லிவிட்டுப் போ. திரும்பி வந்ததும் அவர்கள் முன்னால் போய் நில். எனக்கும் ஒரு போன் போடு, பேசக்கூட வேண்டாம், மணி அடித்தால் போதும். இதில் உனக்கு என்ன குறைந்துவிடும்?

பாண்டியை நினைத்துக் கவலைப்படாதே, வெள்ளைத்துரை அண்ணன் கோபம் நிலைக்காது. ஷூவை நான்தான் கழுவினேன். இடுக்கில் இருந்த கல்லையெல்லாம் ஊக்கால் நோண்டி எடுத்து, காயட்டும் என்று நம் வாசல்படியில் வைத்திருந்தேன். நேற்று சாயங்காலம் செல்லக்கனி அந்தப் பக்கம் போனவள் அதைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, எழிலு வந்துருக்காளா? உள்ள இருக்காளா?" என்று கேட்டாள். அவள் போனதும் எடுத்து உள்ளே கொண்டுபோய், நீ என் செருப்பை ஒளித்து வைப்பாயே, அதே அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, குளிருக்குக் காதை மூடிக்கொள். குலசாமி உன்கூடவே வரட்டும், நீ எந்தக் காட்டுக்குப் போனாலும். சொல்லாமல் மட்டும் போகாதே.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
ப. மாடத்தி