நிமிர்த்தி அளந்த நூல்

அனுப்புநர்:
வெண்ட்லின் ப்ரூக்னர்,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
மேல்ரைட், டிரோல்.

பெறுநர்:
ஆயரின் பிரதிநிதி அவர்கள்,
ஆயர் இல்லம்.

பொருள்: என் மனைவி மெக்டில்ட் குணமடைந்ததைக் கீழ்ரைட் கோயிலார் தங்கள் கோயிலின் புதுமை (அற்புதம்) என அறிவித்தது தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய தந்தை அவர்களுக்கு,

1. "ஓஸ்வால்ட் ராசாவுக்கு எத்தனை தலைங்க ஐயா?" என்று முன்பு ஒரு மாணவன் கேட்டான். போரில் மாண்டு புனிதரான அந்த ஆங்கில அரசரின் தலை தங்களிடமே உள்ளதாக ஆல்ப்ஸுக்கு இப்பாலும் அப்பாலும் பல கோயில்கள் சொல்கின்றனவே! ஒரே அடுப்பிலிருந்து தெருவே நெருப்பு எடுத்துப் போகலாம், எந்த வீட்டு நெருப்பும் பொய்யல்ல என்று விளக்கினேன். ஆனால் எங்களைப் போலவே அவருக்குக் கோயில் வைத்திருக்கும், மலைக்குக் கீழேயுள்ள கீழ்ரைட்காரர்கள் விஷயத்தில் அந்த விளக்கம் எனக்கே போதவில்லை.

2. நோயாளியை உச்சி முதல் உள்ளங்கால்வரை நூலால் அளந்து, அந்த நூலையே திரியாக்கி மெழுகுவர்த்தி வார்த்து, அரசரின் முன் ஏற்றுவது எங்கள் வழக்கம் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். கோடையில் மெக்டில்ட் வயிற்றுவலியால் சுருண்டு கிடந்தபோது, அவள் கால்களை மெல்ல நீட்டி நானே அளந்தேன். மெழுகுவர்த்தி மேல்ரைட் கோயிலில் எரிந்தது.

3. எனக்குச் சொல்லாமல் அவள் தங்கை குனிகுண்டும் அளந்து, கீழ்ரைட்டில் ஏற்றியிருக்கிறாள். ஆனால் மெக்டில்ட் கால் மடக்கித் தூங்கும்போது அளந்தாள். குனிந்து நிற்பவனை அளந்து தைத்த சட்டை, அவன் நிமிர்ந்தால் போதுமா? அவர்கள் எரித்தது என் மனைவியில் முக்கால் பங்கு மட்டுமே.

4. அவள் எழுந்து நடந்ததும், அவ்வூர்ப் பங்குத்தந்தை அதைப் பிரசங்கத்தில் அறிவித்துவிட்டார். சந்தையில் அவ்வூர் மாவு ஆலைக்காரர், "வாத்தியாரே, உங்க ஊரு ராசாவுக்குக் காது மந்தமோ? எங்க ராசாவைக் கூப்பிட்டதும் அக்கா எந்திரிச்சுட்டாங்க பாருங்க!" என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள்.

5. இதைவிட வருத்தம் ஒன்று உண்டு. அரசரின் திருநாளில் நன்றிப் பவனியில் கீழ்ரைட்டிலேயே நடக்கப்போவதாக மெக்டில்ட் சொல்கிறாள். "ரெண்டும் ஒரே ராசாதானேங்க? அங்க படி கம்மி. நீங்களும் வாங்க, மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதீங்க" என்கிறாள். அவள் கால்களை நீட்டிப் பிடித்திருந்த இரவு முழுவதும் நான் எங்கள் அரசரிடம் மன்றாடினேன். நன்றி மட்டும் மலையிறங்கிப் போவதை என்னால் தாங்க முடியவில்லை.

6. ஆகவே, திருநாளுக்கு முன் இது எந்தக் கோயிலின் புதுமை எனத் தீர்ப்பளிக்க வேண்டுகிறேன். நான் கேட்டால் என் முகத்தைப் பார்த்து அதற்கேற்பப் பதில் சொல்வாள். எனவே தாங்கள் அவளைத் தனியே அழைத்து, வலி உச்சத்தில் இருந்தபோது எந்தக் கோயில் அரசரைக் கூப்பிட்டாள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இடம்: மேல்ரைட்
நாள்: புனித யாக்கோபு திருநாளின் மறுநாள், 1482

தங்கள் பணிவுள்ள,
வெண்ட்லின் ப்ரூக்னர்