பதினேழு ஒன்றுகள்

அம்பத்தூர்
12.11.1989

அன்பு மனைவி பார்வதத்திற்கு,

இங்கு நான் நலம். உன் முழங்கால் வலிக்கு மருத்துவர் என்ன சொன்னார் என்பதை எழுது.

பதினேழு ஒன்றுகளை வரிசையாக எழுதினால் வரும் எண், பகா எண் என்று நிறுவுவதற்காக ஆறாண்டுகளாக மாலைதோறும், விடுமுறைதோறும் வகுத்துவந்தேன் அல்லவா? தீபாவளிக்குக்கூட ஊருக்கு வரவில்லை. நேற்று எங்கள் ஆலையில் கணிப்பொறி இயக்கும் நஜீர் அதைச் சோதித்தார்.

“இன்னா சார், நான் டீ குட்சிட்டு வர்றதுக்குள்ள மிசினு ரெண்டா பிச்சிட்ச்சி பாருங்க” என்று சிரித்தார்.

அது பகு எண்ணாம். 2071723 அதை மீதியின்றி வகுக்கிறது.

என் நோட்டைப் புரட்டினேன். இரண்டாண்டுகளுக்கு முன்பே அதே எண்ணால் வகுத்திருக்கிறேன். ஒரு கழித்தலில் கடன் வாங்கியதை மறந்து, மீதி இருப்பதாக எழுதியிருக்கிறேன். சிவப்புக் கோடிட்டு முடித்த கணக்கை மறுபடி பார்ப்பதில்லை என்பது என் விதி. ஆகவே பார்க்கவில்லை.

இதற்காக நீ வருந்த வேண்டாம். வேளைக்குச் சாப்பிடுகிறேன். பருப்புப் பொடி தீர்ந்துவிட்டது. ஒருவருக்குப் போதுமான அளவு அனுப்பு.

தபால் எடுக்கும் நேரம் நெருங்கிவிட்டது. பொங்கலுக்குப் பத்து நாள் விடுப்பு கிடைக்கும். ஆண்டுதோறும் அழைத்த நீ, இம்முறை அழைக்கவில்லை. நான் வரலாமா என்பதை மட்டும் ஒரு வரி எழுது.

சிதம்பரநாதன்