பத்துக்குப் பத்தேகால்

ஜூன் 18, புதன்

கல்வித் துறை வாசலில் இன்று காலை ஒட்டிய முடிவின்படி, என் தங்கை ஹியெனுக்கு, கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கான சிறப்புப் பள்ளியின் கணித வகுப்பில் இடமில்லை. கால் மதிப்பெண் குறைவு. கணிதத்தில் பத்துக்கு ஒன்பதே முக்கால். அம்மா வைத்த நண்டுச் சாற்றை யாரும் தொடவில்லை. வெளியே லாவோஸ் மலைகளைத் தாண்டி வரும் காற்று அனலாய் அடிக்கிறது.

ஜூன் 19, வியாழன்

விடைக்குறிப்பு வெளியானது. கால் போன இடம் தெரிந்துவிட்டது.

கேள்வி: (x² − 9) / (x − 3) என்ற சார்பின் வீச்சகம் என்ன? ஹியென் எழுதியது: 6 தவிர எல்லா எண்களும். குறிப்பு சொல்வது: எல்லா எண்களும்.

ஆனால் குறிப்பின் முதல் வரியே ‘நிபந்தனை: x ≠ 3’! இங்கே எந்தப் பிள்ளையும் அந்த வரி இல்லாமல் கணக்கைத் தொடங்காது. விட்டால் மதிப்பெண் போகும். இவர்களும் எழுதினார்கள். அடுத்த வரியில் x + 3 என்று சுருக்கியதும் மறந்தார்கள். 3 உள்ளே போகக் கூடாதென்றால் 6 எப்படி வெளியே வரும்? தலைக்கவசத்தை வண்டியின் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு ஓட்டுகிற கூட்டம்!

“விடுக்கா,” என்றாள் ஹியென். எப்படி விடுவது?

ஜூன் 20, வெள்ளி

குறிப்பு தயாரித்த குழுவின் தலைவி ஃபுவோங் அம்மாளைப் பார்த்தேன்.

“நிபந்தனைய முதல் வரியிலேயே எழுதியிருக்கோமேம்மா.”

“எழுதினீங்க. அப்புறம் படிச்சீங்களா?”

“நீ இப்ப பத்திரிகைக்காரியா வந்தியா, அக்காவா வந்தியா?”

“யாரா வந்தா என்னம்மா, கணக்கு மாறுமா?”

தேநீர் கூடத் தரவில்லை. கொடுத்திருந்தாலும் குடித்திருக்க மாட்டேன்.

ஜூன் 21

“சொந்தத் தங்கச்சி விஷயம், நீ எழுதாதே,” என்றார் எங்கள் பத்திரிகை ஆசிரியர் தோவான். அவர் சொல்வது சரி. அதனால்தான் இன்னும் எரிகிறது.

ஜூன் 24, செவ்வாய்

துறை தவறை ஒப்புக்கொண்டது. பரிகாரம்: தேர்வு எழுதிய எல்லோருக்கும் கால் மதிப்பெண். அந்தக் காலை ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும்!

“எல்லாருக்கும் லாபம்! முதல் பக்கம்!” என்று கை தட்டினார் தோவான்.

“யாருக்கு சார் லாபம்? எல்லாரையும் ஒரே அளவு தூக்கினா வரிசை மாறுமா?”

கதவை அறைந்துவிட்டு வந்தேன். சேர்க்கைக்கான எல்லையும் கால் ஏறிவிட்டது. இது திருத்தமா, கேலியா? த்தூ... என்ன ஜென்மங்கடா நீங்க!

ஜூன் 25

சாப்பிடும்போது ஹியென் திடீரென்று சோற்றுக் குச்சியைக் கீழே வைத்தாள். முகம் சிவந்திருந்தது.

“அக்கா, கடைசி இடம் வாங்கினவளுக்குக் கணக்குல பத்துக்குப் பத்து. இப்ப அவளுக்கு என்ன போடுவாங்க? பத்தேகாலா? பத்துக்கு மேல மார்க்கே கிடையாதே! தேர்வு விதியோட முதல் பக்கத்துலயே இருக்குக்கா. அதையும் எழுதிட்டு மறந்துட்டாங்க, மடையனுங்க!”

அந்தப் பெண் பத்தில்தான் நிற்கிறாள், கால் ஏறியதில் ஹியெனும் பத்து. மற்றப் பாடங்களைக் கூட்டினாலும் இருவரும் சமம். இந்த வீட்டில் நான் மட்டும்தான் கத்துகிறேன் என்று நினைத்திருந்தேன்.

ஜூன் 26, வியாழன்

மேல்முறையீட்டை ஹியெனே எழுதினாள். என்னைத் தொட விடவில்லை. முதல் வரி: ‘நிபந்தனை: மதிப்பெண் 0-க்குக் குறையாது, 10-ஐத் தாண்டாது.’ நேரில் கொண்டுபோய்க் கொடுத்தோம்; ஃபுவோங் அம்மாள் அந்த வரியை இரண்டு முறை படித்தார். பிறகு தேநீர் ஊற்றினார்.

முடிவு இன்னும் வரவில்லை. திங்கள் மாலை நான்கு மணிக்குச் சொல்கிறார்களாம்.