மடங்காத படகு

ஜெரோம், என் தம்பி,

நேற்று உன் படகைத் தண்ணீரில் இறக்கினேன். முதல் முறையாக.

ஆமாம், முதல் முறை. ஆஸ்பத்திரியில் "எப்டிக்கா போச்சு?" என்று நீ கேட்டபோது "சூப்பரா மிதந்துச்சுடா" என்றேன். "மடிக்க?" என்றாய். "ரெண்டே நிமிசம்." நீ கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாய்.

அன்று மடித்த படகு மூட்டையைத் தூக்கிக்கொண்டு காத்திவாக்கம் கழிமுகம்வரை போனேன். கறுத்த தண்ணீரைப் பார்த்ததும் பயம். ஒரு மணி நேரம் கரையில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிவிட்டேன். நான்கே நாளில் நீ போய்விட்டாய். குறையைச் சொல் என்றுதானே என்னை அனுப்பினாய்?

இப்போது சொல்கிறேன்.

எடை சரி. ராயபுரத்தில் நம் மூன்றாம் மாடியிலிருந்து முதுகில் மாட்டிக்கொண்டு இறங்கினேன். ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டேன். விரித்துப் பூட்ட அரை மணி நேரம். குழாய்களில் நீ எழுதிய எண்கள் பாதி அழிந்திருந்தன. தார்ப்பாய் ஒழுகவில்லை. இருபது முறை துடுப்புப் போட்டேன். நேராகப் போனது.

மிதந்தது, ஜெரோம். நிஜமாகவே மிதந்தது.

வலை வீசும் கன்னியப்பன் அண்ணன் ஏறிப் பார்த்தார். எழுந்து நின்றார், கவிழ்ந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கத்தினார்: "இன்னாமா இது! காலை நீட்டிகினு உக்காந்தா வலைய யாரு வீசுவா, உன் மாமனாரா?"

அங்கே எல்லோரும் நின்றுதான் வீசுகிறார்கள். நாம் வீடியோ பார்த்து, உட்கார்ந்த ஆளை வைத்தே வரைந்தோம். நம் வீட்டுக்கு நான்கு தெரு தள்ளி இருக்கும் மீனவர்களிடம்கூடக் கேட்கவில்லை. ஏன்?

அவர் மனைவி செல்வி அக்கா கழுத்தளவுத் தண்ணீரில் நடந்து, சேற்றைத் தடவிக் கையால் இறால் பிடிப்பவர். பிடித்ததைப் போடும் ஓலைப்பறியைப் பல்லால் கவ்விக்கொள்வார். நேற்று உன் படகைக் கயிற்றால் இடுப்பில் கட்டி, பறியை அதில் வைத்தார்.

"இம்மா வருசம் வாயத் தொறக்காம எறா புடிச்சேன். இனிமே இந்த மன்சனத் திட்டிகினே புடிக்கலாம்."

திட்டிக்கொண்டேதான் போனார். கரையில் எல்லோரும் சிரித்தோம். நானும்.

பிறகு மடிக்கப் பார்த்தேன். அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த சேறு கீல்களில் இறுகியிருந்தது. பன்னிரண்டில் ஒன்றும் அசையவில்லை. மடிப்பதற்காகவே செய்த படகு மடங்கவில்லை.

"இங்கியே வுட்டுட்டுப் போம்மா. யாரு செஞ்சது?" என்றார் செல்வி அக்கா.

"என் தம்பி."

"அந்தப் புள்ளைய ஒருவாட்டி வரச் சொல்லு. கீல சரி பண்ணிக் குடுக்கட்டும்."

"சொல்றேங்க்கா" என்றேன்.

பார்த்தாயா? மறுபடியும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போகிறேன். முதலில் அவரிடம் சொல்வேன்: என் தம்பி இறந்துவிட்டான் என்று. அந்த மூன்று சொற்களை என் வாயால் யாரிடமும் இன்னும் சொன்னதில்லை. சொல்லிவிட்டு உட்கார்ந்து, கீல்களை ஒவ்வொன்றாகக் கழற்றுவேன்.

உன் அக்கா,
ஸ்டெல்லா